துண்டுக்கு அடியில் முடிந்த ஒன்பதாம் வகுப்பு

ஒன்பதாம் வகுப்பில் நான் சேர்ந்தது படித்து அல்ல, பேரம் பேசி. பேசியதும் நான் அல்ல, என் அப்பா. அதுவும் வாயைத் திறக்காமலே பேசினார். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், பட்டவன் நான், எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு மாட்டு வண்டித் தொழில். சொந்தமாக வண்டிகள் வைத்து ஆள் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். பண்டாரவளையில் ரயிலில் வந்து இறங்கும் அரிசி மூட்டைகளைப் பதுளைக் கடைகளுக்கும் பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுவந்து சேர்ப்பது, திரும்பும்போது தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் போவது, இதுதான் வேலை. வாலிபத்தில் அவர் ஹல்துமுல்லை ஏற்றத்தில் வண்டி ஓட்டியவர். ரயில் பண்டாரவளைக்கு வந்ததும் அந்தப் பாதையில் வண்டிக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. இருந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு பதுளைக்கு வந்துவிட்டார். இப்போது அந்த ரயிலைப் பதுளைக்கே கொண்டுவருகிறோம் என்று மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை துரத்திய சனியன் மறுபடியும் துரத்திக்கொண்டு வருகிறதே என்று அப்பாவுக்கு வயிற்றெரிச்சல்.

“அது வந்து சேர்றதுக்குள்ள நீ படிச்சு முடிச்சு, அந்த டேசன்லயே போயி உக்காந்துரணும். நம்மள வெரட்டுறவன்கிட்டயே சம்பளம் வாங்கணும்டா” என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அப்போதுதான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டியிருந்தேன். வண்டிகளின் பின்னால் சுற்றித் திரிந்ததில் வருஷங்கள் வீணாகி, மீசை அரும்பத் தொடங்கிவிட்டது. ரயில் என்னைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது.

பதுளையில் ஒரு மேட்டின்மேல் வெள்ளைக்காரர் ஒருவர் சொந்தமாக ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். தோட்டத்துத் துரைமாரிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக ஊரில் அவரைப் பள்ளிக்கூடத்துத் துரை என்பார்கள். அங்கே படித்து வந்தவர்கள் அரசாங்கக் கச்சேரியிலும் வங்கியிலும் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு நடந்தார்கள். அப்பா அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்.

அவர் அங்கே என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால் மாட்டு வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுக்கு விலையை வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. சுற்றி நிற்கிறவனெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அதனால் ஒருவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொண்டு நீட்டுவார், மற்றவர் அதற்கு அடியில் கையை விடுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரலைப் பிடித்தால் நாலு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. ஐந்துக்கு மேலே போக வேண்டுமென்றால் முழுக் கையைப் பிடித்து விட்டுவிட்டு, மறுபடியும் மிச்சத்துக்கு விரல்களைப் பிடிக்க வேண்டும். வெளியே மழையைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள், உள்ளே விலை நடக்கும். கடைசியாகப் பிடித்த பிடியில் இருவரும் கையை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவனை எந்தத் தரகரும் மதிக்கமாட்டார்.

அப்பா ஒருமுறை அப்படி முடித்துக் கொண்டுவந்த காளை, ஏற்றத்தைக் கண்டாலே படுத்துவிடுகிற காளை. எங்கள் ஊவா மலையில் ஏற்றம் இல்லாத ரோட்டுக்கு எங்கே போவது? திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “கை குடுத்துட்டேன்ல” என்று சொல்லி, அது சாகும்வரை உட்கார வைத்துத் தீனி போட்டார் அப்பா. எங்கள் வீட்டில் என்னைவிடச் சொகுசாக வாழ்ந்த ஜீவன் அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அப்பா கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, தோளில் புதுத் துண்டு போட்டுக்கொண்டார். அம்மா என் தலையில் வைத்த எண்ணெய் காதுவரைக்கும் இறங்கியிருந்தது. துரை நெட்டையான மனிதர். யாரைப் பார்த்தாலும் சிரித்துத் தலையை ஆட்டுகிற சுபாவம். பக்கத்தில் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர், பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கொடுப்பதற்காக நின்றிருந்தார். துரை என்னிடம் ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் “யெஸ் சார்” என்றேன். அவற்றில் ஒன்று, எனக்கு எத்தனை வயது என்ற கேள்வி என்று பின்னால் தெரிந்தது.

வாத்தியார் அப்பாவைப் பார்த்து, “பெடியனை ஏழாம் வகுப்பிலை விட்டுப் பாக்கலாம் எண்டு துரை நினைக்கிறார். ஒரு சோதினை வைச்சுப் பாத்திட்டு முடிவாச் சொல்லுவார்” என்றார்.

அப்பாவின் காதில் ஏழு என்பது மட்டும்தான் விழுந்தது. விற்கிறவன் விலை சொல்லிவிட்டான். முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் வியாபாரியா? அதோடு ஏழில் தொடங்கினால் ரயில் முந்திவிடும் என்கிற கணக்கு வேறு.

வாத்தியார் சேர்க்கைப் புத்தகத்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். அவர் முதுகைக் காட்டிய அந்த நேரத்தில் அப்பா எழுந்தார். துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொண்டார். மேசைக்கு மேலே துரையிடம் நீட்டினார்.

எனக்கு உயிரே போய்விட்டது. துரை துண்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். இந்த ஊர் ஆட்கள் இப்படித்தான் மரியாதை செய்வார்கள்போல என்று நினைத்திருக்க வேண்டும். சந்தோஷமாக எழுந்து துண்டுக்குள் கையை விட்டு, அப்பாவின் முழுக் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஐந்து. அப்பா நாசூக்காகக் கையை விடுவித்து, பத்து வேண்டும் என்பதற்காகத் துரையின் முழுக் கையையும் தான் இரண்டு தடவை இறுக்கிப் பிடித்தார். வெள்ளைக்காரருக்கு இது புதுசு. கையை இழுக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அவரும் பதிலுக்கு எதையாவது பிடித்தால்தான் மரியாதை என்று எண்ணி, அகப்பட்ட நாலு விரலைக் கெட்டியாகப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். முதலில் பிடித்த ஐந்தும் இந்த நாலும் ஒன்பது என்பது அப்பாவின் கணக்கு.

“மழ இந்த வருசம் கொஞ்சம் கொறச்சல்தானுங்க, தொர” என்றார் அப்பா, சந்தை மரியாதைக்காக. துரை சிரித்துத் தலையை ஆட்டினார்.

வாத்தியார் புத்தகத்தோடு திரும்பினார். “ஒம்பதுன்னு முடிச்சிட்டோமுங்க, வாத்தியாரய்யா” என்றார் அப்பா.

“ஒன்பதோ?” என்று வாத்தியார் துரையைப் பார்த்தார். துரையின் தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளைக்காரரை மறுகேள்வி கேட்கும் தைரியம் வாத்தியாருக்குக் கிடையாது. ஒன்பது என்று எழுதிவிட்டார். வாத்தியார்தான் என்னைச் சோதித்து அங்கே போட்டிருக்கிறார் என்று துரை நினைத்தார், துரையே போட்டுவிட்டார் என்று வாத்தியார் நினைத்தார். யார் போட்டது என்று தெரிந்தவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பாவுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் ஊரில் தலைகாட்ட முடியவில்லை. பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் வண்டி நிற்கிற தேத்தண்ணிக் கடையிலெல்லாம் அப்பா இறங்கிச் சொல்லியிருக்கிறார். “ஏழுன்னாரு. நான் விடுவனா? ஒம்பதுல முடிச்சேன்.” வண்டிக்காரர்கள் என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். எங்களிடம் எப்போதும் எரிந்து விழுகிற லாடம் அடிக்கிறவர்கூட, “வாங்க ஒம்பது” என்று கூப்பிட்டார்.

வகுப்பில் என் நிலைமை குருவி தலையில் பனங்காய். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மகன். அவன் வாப்பாவின் கடையில்தான் எங்கள் வீட்டுத் துணியெல்லாம் எடுப்போம். நல்ல பையன். முதல் நாளே என் முழியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான்.

“ஒனக்கு ஒண்டும் வெளங்கல்லயா?”

“இல்ல.”

“அப்ப பேசாம நான் சிரிக்கக்கொள்ள சிரி, நான் எழுதக்கொள்ள எழுது.”

அப்படியே செய்தேன். அவன் மூக்கைச் சிந்தினால் நானும் சிந்தினேன். கணக்கில் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டுக் கூட்டினார்கள். எழுத்தை எப்படி அய்யா கூட்டுவது? மூட்டையைக் கூட்டலாம், பெட்டியைக் கூட்டலாம். முக்கோணக் கணக்கு வாத்தியார் ஒரு நாள் பலகையில் படம் போட்டு, இந்த இரண்டு பக்கங்களும் சமம் என்று நிறுவு என்று என்னை எழுப்பிவிட்டார். “பார்த்தாலே தெரியுதே, சார்” என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஜவுளிக்கடைப் பையன் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பிரம்படி என் கைக்கு மட்டும்தான்.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. கண்ணாடி ஜன்னல், சுவரில் தொங்கும் பெரிய உலகப் படம், எங்கள் வீட்டில் யாருமே தொட்டிராத புத்தகங்கள், எல்லாம் பிடித்திருந்தன. அங்கேயே இருக்க வேண்டும், இரண்டு வகுப்பு கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதை அப்பாவிடம் சொல்ல வழியில்லை. படுத்துக்கொள்கிற காளைக்கே கொடுத்த கையை மாற்றாதவர், எனக்காகவா மாற்றுவார்?

சோறு இறங்கவில்லை. தட்டில் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைக்கு ஊர்க் கண் பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். அடுப்பில் போட்ட மிளகாய்க்கு நெடியே வரவில்லை, அவ்வளவு பெரிய கண் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னார். என் வயிறு மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது.

முதல் தவணைச் சோதனை வந்தது. கடைசி இடம் எனக்கு. எனக்கு முன்னால் இருந்தவன் சோதனையின்போது காய்ச்சலில் படுத்துப் பாதிக்குமேல் எழுதாதவன். துரை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அறையில் துரை, வாத்தியார், அப்பா, நான். துரை வாத்தியாரிடம், இந்தப் பையனை ஒன்பதில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். அந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வந்திருந்தது. வாத்தியாரின் முகம் வெளிறிப்போய்விட்டது. நீங்கள்தானே போட்டீர்கள், சார் என்றார். நானா? நீங்கள்தான் என்றார் துரை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்குச் சங்கதி விளங்கவில்லை. வாத்தியார் சொன்னதும், “இது என்னங்க கூத்தா இருக்கு. தொரதானே கையப் புடிச்சு ஒம்பதுன்னாரு? மொதல்ல அஞ்சு, அப்புறம் நாலு. அவருகிட்டயே கேளுங்க” என்றார். கேட்டதோடு விடாமல் துண்டை எடுத்து, வாத்தியாரின் கையைப் பிடித்து, எப்படி நடந்தது என்று காட்டியும் விட்டார். வாத்தியார் கூச்சத்தில் நெளிந்துகொண்டே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

துரை முகம் சிவந்து, வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஏதோ கேட்டார்.

“அப்படியெண்டா தான் வாக்குக் குடுத்ததாத்தானே அர்த்தம் எண்டு கேக்கிறார்” என்றார் வாத்தியார்.

“குடுத்தாருங்க.”

துரை மேசையில் கையை ஊன்றி எழுந்து நின்று சொன்னார். வாத்தியார் அதைத் தமிழில் சொன்னார். “அறியாமக் குடுத்தாலும் வாக்கு வாக்குத்தானாம். தான் மாறமாட்டாராம். பெடியன் ஒன்பதிலையே இருக்கட்டுமாம்.”

அப்பாவுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. “பாத்தியாடா, வெள்ளக்காரனா இருந்தாலும் வாக்கு சுத்தம்” என்று என் முதுகில் தட்டினார். இரண்டு கண்ணியவான்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்டவனின் கதியை என்னவென்று சொல்ல? ஒருவர் கொடுத்த கையை எடுக்கமாட்டார், மற்றவர் பிடித்த கையை விடமாட்டார். எனக்கு எரிச்சலும் பயமும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

“அப்பா, என்னால முடியலப்பா” என்றேன். “எனக்கு ஏழே போதும்.” சொன்னதோடு அழுதும் விட்டேன், மீசை அரும்பிய பயல், துரை முன்னால்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, நுகத்தைத் தூக்கிவிட்டுக் காளையின் கழுத்தில் புண் கண்டிருக்கிறதா என்று பார்ப்பார் அல்லவா, அப்படிப் பார்த்தார். துரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பள்ளிக்கூடமே இனி இல்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டைப் பார்த்தார்.

“ஏன் திங்கல?”

“பசிக்கலப்பா.”

“எத்தன நாளா?”

எனக்குப் பதில் அம்மா சொன்னார். “அந்த ஒம்பதாவதுல சேந்த அன்னைலேருந்துதாங்க. நீங்க வண்டி வண்டின்னு போயிர்றீங்க, உங்களுக்கு எங்க தெரியும்?”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் வண்டிகள் பண்டாரவளைக்குப் புறப்பட்டன. அவர் போகவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, “கெளம்புடா” என்றார். பள்ளிக்கூடத்தில் துரையின் அறைக்குள் போனதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்னொரு தடவை ஏதாவது முடிந்துவிடக் கூடாதே என்கிற பயம்.

“வாத்தியாரய்யா, தொரகிட்ட சொல்லுங்க. கை குடுத்தது நெசம். அத நானே திரும்ப வாங்கிக்கிறேன். அவரு மேல தப்பு இல்ல, பின்வாங்குறவன் நான்தான்.” என் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார். “மாடு நம்மளுதுதாங்க. ஆனா கழுத்து அதோடதுதானே.”

இதை ஆங்கிலத்தில் சொல்ல வாத்தியாருக்கு வெகுநேரம் பிடித்தது. கேட்டு முடித்ததும் துரை தலையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. பிறகு வாத்தியாரிடம் சேர்க்கைப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார்.

ஏழாம் வகுப்பில் எனக்கு இருபுறமும் என் தோள் உயரம்கூட இல்லாத பொடியன்கள். பெஞ்சுக்குக் கீழே என் முழங்கால் நுழையவில்லை. முதல் நாளே ஒரு பொடியன் என்னைப் புது வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொன்னான். போகட்டும். வாத்தியார் ஒரு கணக்கைக் கேட்டார். விடை எனக்குத் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையைத் தூக்கினேன். அன்றைக்கு மேட்டிலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்தேன், அவ்வளவு பசி.

ரயில் எனக்காகக் காத்திருக்கவில்லை. அது பதுளைக்கு வந்து கூவியபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன், இந்தத் தடவை முறையாகப் படித்துப் போய். அதோடு அப்பா வண்டிகளை ஒவ்வொன்றாக விற்றுவிட வேண்டி வந்தது. அந்த இரண்டு வருஷம் மிச்சமாகியிருந்தால் நீ டேசனில் உட்கார்ந்திருப்பாய் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஏழாம் வகுப்புக்கு நான் இறங்கிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று அப்பா சந்தைக்கு ஒரு காளை பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். அதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. பரப்பியதும் அப்பாதான். ஒன்பது என்று சொன்ன தேத்தண்ணிக் கடைகளிலெல்லாம் இறங்கி, ஏழு என்று திருத்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, அப்பா துண்டைக் கையில் போட்டு நீட்டினார். காளையை விற்க நின்ற தரகர் கையைக் கொடுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“என்னங்க, தொரகிட்ட கை குடுத்துட்டுத் திரும்ப வாங்கிட்டீங்களாமே? நாளைக்கு எங்ககிட்டயும் அப்பிடித்தானா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இத்தனை வருஷமாக அப்பாவை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் துண்டை எடுத்து மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“ஆமாய்யா, வாங்கிட்டேன்” என்றார். “புள்ள நேத்து ரெண்டாந்தரம் சோறு கேட்டுத் தின்னான்.”